உயிர் இயற்பிய வேதியியல் ஆய்வின் முதல் ஆண்டு: தெரிந்த ஓர் எண்ணை மீண்டும் அளந்து தொடங்குதல்

முனைவர் பட்ட ஆய்வில் புதிதாகச் சேர்ந்த மாணவர் முதல் வாரத்திலேயே தம் நெறியாளரிடம் ஆய்வுத் தலைப்பைக் கேட்பது இயல்பு. இயற்பிய வேதியியலிலும் உயிர் இயற்பிய வேதியியலிலும் அந்தக் கேள்வியை ஆறு மாதங்களாவது தள்ளிப்போடுவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். இத்துறையில் நாம் மூலக்கூறை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒளிர்வின் அளவு, உறிஞ்சப்பட்ட ஒளியின் விகிதம், கலவையில் வெளிப்பட்ட வெப்பம் என்று ஏதோ ஒன்றை அளக்கிறோம். அதிலிருந்து மூலக்கூறின் நடத்தையை ஊகிக்கிறோம். அளந்த எண்ணுக்கும் சொல்லும் முடிவுக்கும் இடையில் நான்கைந்து ஊகங்கள் இருக்கும். அவை ஒவ்வொன்றும் எப்போது பொய்க்கும் என்பது கைக்குத் தெரியாத நிலையில் புதிய கேள்வியைத் தொட்டால், கிடைக்கும் விடை மூலக்கூறினுடையதா, கருவியினுடையதா, கரைசலினுடையதா என்று பிரித்தறிய வழியிருக்காது. ஆகவே, பலர் அளந்து உறுதிசெய்த ஓர் எண்ணை முதலில் நீங்களே அளந்து, அதன் ஒவ்வோர் இலக்கத்துக்கும் பொறுப்பேற்கும் நிலைக்கு வாருங்கள். அதை எப்படிச் செய்வது என்பதே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி.

சேர்வதற்கு முன்

நுழைவு முறைகள் பலருக்கும் தெரிந்தவையே என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் சிஎஸ்ஐஆர்–யுஜிசி நெட் தேர்வும் கேட் தேர்வும் பெரும்பாலான வாயில்களைத் திறக்கின்றன. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதல் 2 ஆண்டுகளுக்குப் பிறகு முதுநிலை நிலையில் 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், கூடுதலாக 6 ஆண்டுகள் என்று வரையறுக்கின்றன. சோதனை சார்ந்த ஆய்வு 3 ஆண்டுகளில் முடிவது அரிது; 5 ஆண்டுகள் என்று மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

வேதியியல் படித்தவர்கள் உயிரியல் தெரியாதே என்று தயங்குகிறார்கள். உயிர்வேதியியல் படித்தவர்கள் கணிதத்தைக் கண்டு தயங்குகிறார்கள். இரு தயக்கமும் தேவையில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு, உயிரியலைக் கற்க மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். செல்லில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்புக்காக 2009இல் அவர் பகிர்ந்துகொண்ட நோபல் பரிசு வேதியியலுக்கானது. ஆனால் வெப்ப இயக்கவியல், வினை வேகவியல், நிறமாலையியல் ஆகிய மூன்றிலும் முதுகலைப் பாடத்தை நீங்களே பிறருக்குக் கற்பிக்கும் அளவுக்குப் புதுப்பித்துக்கொண்டு வருவது கட்டாயம். சமநிலை மாறிலிக்கும் கட்டிலா ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை எழுதுவது எளிது. சமநிலை மாறிலி பத்து மடங்கு மாறினால், 25 டிகிரி செல்சியஸில் கட்டிலா ஆற்றல் ஒரு மோலுக்குச் சுமார் 5.7 கிலோஜூல் மாறும் என்பது யோசிக்காமல் நாவில் வரவேண்டும். இந்த ஓர் எண் பின்னால் மீண்டும் வரும்.

நெறியாளரையும் ஆய்வகத்தையும் தேர்தல்

நெறியாளரின் கட்டுரைப் பட்டியலைக் காட்டிலும் அவருடைய மாணவர்களே உங்களுக்கு அதிகம் சொல்வார்கள். சேரும் முன் அங்குள்ள மூத்த ஆய்வு மாணவர் இருவரிடமாவது தனித்தனியாகப் பேசுங்கள். கட்டுரையின் முதல் வரைவை எழுதுவது யார், ஒரு சோதனை தோற்றால் வாராந்தரக் கூட்டத்தில் அதைச் சொல்ல முடிகிறதா, கடைசியாகப் பட்டம் பெற்ற மூவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின, முக்கியக் கருவி ஆய்வகத்திலேயே உள்ளதா அல்லது பொதுக் கருவிக் கூடத்தில் நேரம் பதிவுசெய்து காத்திருக்க வேண்டுமா என்ற நான்கையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கான விடையையே நான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கருதுவேன். தோல்வியைச் சொல்ல அஞ்சும் ஆய்வகத்தில், தவறான எண்கள் பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

கருவிகளின் பெயர்களில் மயங்கவும் வேண்டாம். ஒற்றை மூலக்கூறு ஒளிர்வு அளவீடு செய்யும் ஆய்வகத்தில் சேர்ந்து, சாதாரண ஒளிர்வுமானியில் ஒரு நிறமாலையைச் சரியாக எடுக்கத் தெரியாமலேயே இரண்டு ஆண்டுகளைக் கழித்தவர்கள் உண்டு. எளிய கருவியை முழுமையாக அறிந்தவருக்குச் சிக்கலான கருவி விரைவில் வசப்படும்.

பயிற்சிச் சோதனை: லைசோசைமை அவிழ்த்தல்

நான் பரிந்துரைக்கும் சோதனை, கோழிமுட்டை வெள்ளைக்கருவின் லைசோசைம் என்னும் புரதத்தைக் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு என்னும் உப்பால் அவிழ்த்து, அதாவது அதன் மடிந்த வடிவத்தைக் குலைத்து, அதன் நிலைத்தன்மையை அளப்பதாகும். இந்தப் புரதம் மலிவாகவும் தூய்மையாகவும் கிடைக்கும். 129 அமினோ அமிலங்களும் 4 டைசல்பைடு பிணைப்புகளும் கொண்ட இதன் மூலக்கூறு நிறை சுமார் 14,300. முப்பரிமாண அமைப்பு தெளிவாக்கப்பட்ட முதல் நொதியும் இதுவே. 1965இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிட் ஃபிலிப்ஸின் குழு அதைச் செய்தது. அவிழ்ப்பதற்கு யூரியாவை எடுக்காமல் குவானிடினை எடுப்பதற்குக் காரணம், நடுநிலை பிஎச்சில் 8 மோலார் யூரியாகூட இந்தப் புரதத்தை எளிதில் அவிழ்ப்பதில்லை என்பதே.

முதல் வேலை, புரதத்தின் செறிவை அறிவது. புட்டியின் மேல் எழுதிய நிறையை நம்பி எடைபோட்டுக் கரைத்தால் போதாது. தூளில் நீரும் உப்பும் இருக்கும். 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து கணக்கிடுங்கள். டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் ஒன்றுக்கு 5,500, டைரோசின் என்ற அமினோ அமிலம் ஒன்றுக்கு 1,490, ஒரு டைசல்பைடுக்கு 125 என்று கூட்டினால் மோலார் உறிஞ்சல் குணகம் கிடைக்கும். லைசோசைமில் 6 டிரிப்டோஃபேன், 3 டைரோசின், 4 டைசல்பைடு இருப்பதால் அது 37,970 ஆகிறது. ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (ஒளி ஊடுருவும் சிறு அளவீட்டுக் கலத்தில்) 10 மைக்ரோமோலார் கரைசல் 0.38 காட்ட வேண்டும். அதே நிறமாலையில் 340 நானோமீட்டரையும் பாருங்கள். அங்கே புரதம் ஒளியை உறிஞ்சுவதில்லை. ஆகவே அடிக்கோடு சுழியை விட்டு உயர்ந்திருந்தால், கரைசலில் திரண்ட துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று பொருள். வடிகட்டியோ மையவிலக்கியில் சுழற்றியோ மீண்டும் அளக்க வேண்டும்.

இரண்டாவது, பிப்பெட். புதிய மாணவர் யாரும் தம் பிப்பெட்டைச் சந்தேகிப்பதில்லை. 25 டிகிரியில் 100 மைக்ரோலிட்டர் நீரின் எடை 99.7 மில்லிகிராம். பத்து முறை எடுத்து எடைபோட்டு, சராசரியையும் சிதறலையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். பிறகு அதே பிப்பெட்டால் செறிந்த குவானிடின் கரைசலை எடுத்துப் பாருங்கள். அது நீரைவிடப் பாகுத்தன்மை மிக்கது. வேகமாக உறிஞ்சினால் குறைவாக வரும், நுனியின் உட்சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக எடுப்பதும், நுனியைக் கரைசலால் ஒருமுறை நனைத்துவிட்டு எடுப்பதும் பழக்கமாக வேண்டும்.

மூன்றாவது, குவானிடின் கரைசலின் உண்மையான செறிவு. இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இதன் மூலக்கூறு நிறை 95.53; ஆகவே 100 மில்லிலிட்டர் 6 மோலார் கரைசலுக்கு 57.3 கிராம் வேண்டும். 57 கிராம் உப்பு கரையும்போது கனஅளவு பெரிதும் கூடும். 100 மில்லிலிட்டர் நீரில் உப்பைக் கொட்டினால் கிடைப்பது 6 மோலார் அன்று. குறைந்த நீரில் கரைத்து, பிஎச்சைச் சரிசெய்து, கடைசியில் அளவுக்குடுவையில் 100 மில்லிலிட்டருக்கு நிரப்புங்கள். உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால் எடைபோட்டதும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. அதனால் ஒளிவிலகல்மானியில் கரைசலின் ஒளிவிலகல் எண்ணையும் வெறும் தாங்கல் கரைசலின் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலின்) ஒளிவிலகல் எண்ணையும் அளந்து, வேறுபாட்டிலிருந்து செறிவைக் கணக்கிடுங்கள். அந்த வேறுபாட்டை 57.147 ஆல் பெருக்கி, அந்த வேறுபாட்டின் வர்க்கத்தை 38.68 ஆல் பெருக்கிக் கூட்டி, வேறுபாட்டின் கனத்தை 91.60 ஆல் பெருக்கிக் கழித்தால் செறிவு மோலாரில் கிடைக்கும். எடையிலிருந்து கணக்கிட்டதும் இதுவும் ஒரு விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால், எங்கே பிழை என்று கண்டுபிடிக்கும் வரை மேலே செல்லாதீர்கள். பின்னாளில் யூரியாவைப் பயன்படுத்தும்போது அதை அன்றன்றே தயாரிக்க வேண்டும். நாள்பட்ட யூரியாக் கரைசலில் சயனேட் உருவாகி, புரதத்தின் லைசின்களோடு வினைபுரிந்து புரதத்தையே மாற்றிவிடும்.

தாங்கல் கரைசலாகப் பாஸ்பேட்டை எடுப்பது பாதுகாப்பானது. டிரிஸ் தாங்கலின் பிஎச் வெப்பநிலை ஒரு டிகிரி கூடும்போது சுமார் 0.028 குறையும். 25 டிகிரியில் 8.0 ஆக வைத்த கரைசல் 65 டிகிரியில் 6.9 ஆகிவிடும். புரதத்தைச் சூடாக்கி அவிழ்க்கும் சோதனையில் டிரிஸைப் பயன்படுத்தினால், வெப்பத்தின் விளைவையும் அமிலத்தன்மையின் விளைவையும் சேர்த்தே அளந்துகொண்டிருப்பீர்கள்.

இனிக் கலவைகள். ஒரே புரதச் செறிவு கொண்ட இரண்டு கரைசல்களைத் தயாரியுங்கள். ஒன்றில் குவானிடின் இல்லை, மற்றொன்றில் ஏறத்தாழ 7 மோலார் உள்ளது. இவ்விரண்டையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்தால், புரதத்தின் செறிவு மாறாமல் குவானிடினின் செறிவு மட்டும் மாறும். 25 முதல் 30 மாதிரிகள் போதும். ஆனால் அவற்றைச் சம இடைவெளியில் அடுக்காதீர்கள். இந்தப் புரதத்தின் மாற்றம் நடுநிலை பிஎச்சில் 4 மோலாரை ஒட்டி நிகழ்கிறது. 3 முதல் 5 வரை நெருக்கமாகப் புள்ளிகள் வேண்டும். அதே வேளையில் 0 முதல் 2.5 வரையிலும் 5.5க்கு மேலும் போதிய புள்ளிகள் இல்லாவிட்டால், மடிந்த நிலையின் கோடும் அவிழ்ந்த நிலையின் கோடும் எந்தச் சாய்வில் செல்கின்றன என்று தெரியாமல் போகும். தரவுக்கு ஏற்ற வளைவைப் பொருத்துதல் முழுவதும் அந்தக் கோடுகளையே நம்பியிருக்கிறது.

கலந்தவுடன் அளக்காதீர்கள். மாற்றத்தின் நடுப்பகுதியில் மடிவதும் அவிழ்வதும் ஒரே வேகத்தில் நடக்கின்றன, இரண்டுமே மெதுவாக நடக்கின்றன. சமநிலையை அடைய அங்கேதான் அதிக நேரம் ஆகும். ஓர் இரவு விட்டுவிட்டு அளந்து, அடுத்த நாள் நடுப்பகுதியிலுள்ள மூன்று மாதிரிகளை மீண்டும் அளந்து பாருங்கள். எண்கள் மாறவில்லை என்றால் சமநிலை. அதோடு, 6 மோலாரில் அவிழ்ந்த புரதத்தை நீர்க்கச் செய்து 3.5, 4, 4.5 மோலாருக்குக் கொண்டுவந்தும் அளக்க வேண்டும். அவிழ்ந்து வந்த எண்ணும் மடிந்து வந்த எண்ணும் ஒன்றானால்தான் இந்த மாற்றம் மீள்தன்மை உடையது என்று சொல்லலாம். மீள்தன்மை இல்லாத இடத்தில் சமநிலை மாறிலி என்ற சொல்லுக்கே பொருளில்லை. அச்சிட்ட வரைபடங்கள் பலவற்றில் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஒளிர்வை அளக்க, 295 நானோமீட்டரில் தூண்டுங்கள். 280இல் தூண்டினால் டைரோசினும் சேர்ந்து ஒளிரும். 295இல் பெரும்பாலும் டிரிப்டோஃபேன் மட்டும் ஒளிரும். புரதம் 2 மைக்ரோமோலார் அளவில் இருக்கட்டும். தூண்டும் அலைநீளத்தில் கரைசலின் ஒளி உறிஞ்சல் 0.05க்குக் கீழே இருந்தால், குவெட்டின் முன்சுவரை ஒட்டிய கரைசலே ஒளியை விழுங்கிவிடுவதால் வரும் பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. விளக்கை அரை மணி நேரம் முன்பே எரியவிடுங்கள். குவெட்டின் வெப்பநிலையை நிலையாக வையுங்கள், ஏனெனில் வெப்பம் கூடக் கூட டிரிப்டோஃபேனின் ஒளிர்வு குறையும். மடிந்த லைசோசைமின் உமிழ்வு உச்சி 340 நானோமீட்டரை ஒட்டியும், அவிழ்ந்து டிரிப்டோஃபேன்கள் நீருக்கு வெளிப்பட்ட பிறகு 350ஐ ஒட்டியும் இருக்கும்.

ஒவ்வொரு நாளும் புரதமில்லாத வெற்றுக் கரைசலின் நிறமாலையையும் எடுங்கள். என் முதல் ஆண்டில் இதைச் செய்யாமல் மூன்று வாரங்களை இழந்தேன். நீர்த்த கரைசல்களில் 328 நானோமீட்டரில் சிறிய மேடு ஒன்று தெரிந்தது. புரதம் பாதி அவிழ்ந்த ஓர் இடைநிலையில் தங்குகிறது என்று நம்பி, அதை விளக்கும் படங்களைக்கூட வரைந்துவிட்டேன். மூத்த மாணவி ஒருவர் தாங்கல் கரைசலை மட்டும் வைத்து அளந்து காட்டினார். அதே மேடு அங்கேயும் இருந்தது. அது நீரின் ராமன் சிதறல். நீர் மூலக்கூறின் அதிர்வு, வந்த ஒளியின் ஆற்றலில் ஏறத்தாழ 3,400 அலையெண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) அளவைப் பிடுங்கிக்கொள்கிறது; ஆகவே 295இல் தூண்டினால் 328இல் ஓர் உச்சி தோன்றியே தீரும். தூண்டும் அலைநீளத்தை 290க்கு மாற்றினால் அந்த உச்சி 322க்கு நகரும், புரதத்தின் உமிழ்வு உச்சி அப்படிக் கூடவே நகராது. ஐயம் வந்தால் இந்த ஒரு சோதனை போதும். சர் சி. வி. ராமன் கண்டறிந்த விளைவு என் சொந்தக் குவெட்டில் இருந்ததை அறியாமல், அதைப் புரதத்தின் தலையில் ஏற்றியது எனக்கு மறக்க முடியாத பாடமாயிற்று. இன்று அந்த உச்சியைக் கொண்டே கருவியின் உணர்திறனை நாள்தோறும் சரிபார்க்கிறேன்: தூய நீரை 350 நானோமீட்டரில் தூண்டி, 397இல் வரும் உச்சியின் உயரத்தைக் குறித்து வைத்தால், விளக்கு வலுவிழப்பது மாதக்கணக்கில் தெரிந்துகொண்டே இருக்கும்.

எண்ணிலிருந்து முடிவுக்கு

வரைபடத்தில் வைப்பதற்கு உமிழ்வு உச்சியின் அலைநீளத்தைத் தேர்ந்தெடுப்பது பலருக்கும் வசதியாகத் தோன்றும். ஆனால் அது மடிந்த, அவிழ்ந்த மூலக்கூறுகளின் விகிதத்துக்கு நேர்விகிதத்தில் மாறுவதில்லை. இரு நிலைகளில் எது அதிகமாக ஒளிர்கிறதோ, அதன் பக்கம் சாயும். ஒரே அலைநீளத்தில் அளந்த ஒளிர்வின் அளவையே பயன்படுத்துங்கள்.

புரதம் மடிந்த நிலை, அவிழ்ந்த நிலை என்ற இரண்டில் மட்டுமே இருக்கிறது என்று கொண்டால், ஒவ்வொரு புள்ளியிலும் சமநிலை மாறிலியைக் கணக்கிடலாம். அதிலிருந்து கட்டிலா ஆற்றல் வரும். அந்த ஆற்றல் குவானிடின் செறிவோடு நேர்கோட்டில் குறைகிறது என்பது அடுத்த ஊகம். அந்தக் கோட்டைச் சுழிச் செறிவு வரை நீட்டினால், நீரில் புரதத்தின் நிலைத்தன்மை கிடைக்கிறது. இதற்கு 6 மாறிகள் கொண்ட ஒரே சமன்பாட்டை முழுத் தரவுக்கும் பொருத்தும் முறை 1988இல் சாண்டோரோ, போலன் ஆகியோர் பயன்படுத்தியது. இன்றும் அதுவே வழக்கம்.

இப்போது முன்பு சொன்ன 5.7 என்ற எண்ணுக்கு வருவோம். மடிந்தவையும் அவிழ்ந்தவையும் கலந்திருக்கும் இடத்தில் மட்டுமே சமநிலை மாறிலியை நம்பி அளக்க முடியும். நடைமுறையில் அது 0.1 முதல் 10 வரை என்று கொள்ளலாம். அதாவது கட்டிலா ஆற்றலை நாம் உண்மையில் அளப்பது சுழிக்கு இருபுறமும் 5.7 கிலோஜூல் வரை மட்டுமே. கோட்டின் சாய்வு மோலாருக்கு 10 கிலோஜூல் என்றும் நடுப்புள்ளி 4 மோலார் என்றும் வைத்துக்கொண்டால், இந்த அளவீடு முழுவதும் 3.4 முதல் 4.6 மோலார் வரையிலான குறுகிய இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. அங்கிருந்து கோட்டைச் சுழி வரை இழுத்து 40 கிலோஜூல் என்கிறோம். நடுப்புள்ளியில் 0.05 மோலார் பிழை இருந்தால் இறுதி விடையில் அரைக் கிலோஜூல்தான் மாறும். சாய்வில் பத்து விழுக்காடு பிழை இருந்தால் 4 கிலோஜூல் மாறும். எனவே அமினோ அமில வரிசையில் மாற்றம் புகுத்திய இரண்டு புரதங்களின் நிலைத்தன்மையை ஒப்பிட்டு 2 கிலோஜூல் வேறுபாடு என்று எழுதுபவர், தம் சாய்வின் பிழை எவ்வளவு என்பதை முதலில் சொல்ல வேண்டும். நடுப்புள்ளி பெரும்பாலும் நம்பகமானது. நீட்டிப் பெற்ற ஆற்றல் அந்த அளவுக்கு நம்பகமானதன்று. இந்த வேறுபாட்டைக் கையால் உணர்வதற்காகவே இந்தப் பயிற்சியை வலியுறுத்துகிறேன்.

பொருத்துதலை ஆயத்த மென்பொருளின் பொத்தானை அழுத்திச் செய்யாமல், பைத்தானில் நீங்களே எழுதுங்கள். உண்மைத் தரவைக் கொடுக்கும் முன், விடை தெரிந்த போலித் தரவை உருவாக்குங்கள்: சாய்வையும் நடுப்புள்ளியையும் நீங்களே தேர்ந்தெடுத்து, வளைவைக் கணக்கிட்டு, உங்கள் கருவியின் அளவுக்கு ஏற்ற இரைச்சலைச் சேர்த்து, நிரல் அதே எண்களைத் திருப்பித் தருகிறதா என்று நூறு முறை ஓட்டிப் பாருங்கள். தொடக்கக் கோட்டின் புள்ளிகளில் பாதியை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். சாய்வு எப்படிச் சிதறுகிறது என்பதைக் கண்ணால் கண்ட மாணவர், அதற்குப் பிறகு அடிக்கோட்டுப் புள்ளிகளை ஒருபோதும் சிக்கனப்படுத்தமாட்டார். ஒரே நாளில் ஒரே கரைசலிலிருந்து மூன்று முறை அளந்ததை மூன்று சோதனைகள் என்று எண்ணாதீர்கள். கரைசல்களைப் புதிதாகத் தயாரித்து வெவ்வேறு நாளில் செய்தால்தான் அது தனிச் சோதனை.

இரண்டே நிலைகள் என்ற ஊகத்தைச் சோதிக்க, அதே மாதிரித் தொடரை வட்ட இருநிறத்தன்மை (சிடி) நிறமாலைமானியில் 222 நானோமீட்டரில் அளங்கள். ஒளிர்வு டிரிப்டோஃபேனின் சுற்றுப்புறத்தைச் சொல்கிறது, சிடி சுருள் அமைப்பைச் சொல்கிறது. இரு வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் இருநிலை ஊகம் தப்பிப் பிழைத்தது என்று சொல்லலாம். நிரூபணம் ஆயிற்று என்று சொல்லக்கூடாது. பொருந்தாவிட்டால் இடைநிலை ஒன்று உண்டு என்பதற்கு அது வலுவான அறிகுறி. இந்தக் கருவியில் விளக்கை ஏற்றும் முன் நைட்ரஜனைச் செலுத்துங்கள். இல்லையெனில் உருவாகும் ஓசோன் கண்ணாடிகளைக் கெடுக்கும். குளோரைடு 200 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை உறிஞ்சுவதால் குவானிடின் உள்ள கரைசல்களில் அந்தப் பகுதியைப் பார்க்கவே முடியாது. கண்டறிவானின் மின்னழுத்தம் எகிறிய இடத்தில் வந்த எண்களை வெட்டி எறியுங்கள்.

கணினியில் வேலை செய்பவர்களுக்கு

மூலக்கூறு இயக்கவியல் பாவனையாக்கத்தில் (அணுக்களின் அசைவைக் கணினியில் படிப்படியாகக் கணக்கிடுவதில்) சேர்பவர்களுக்கும் இதே விதிதான். புரதம் ஒன்றின் முதல் பாவனையாக்கம் 1977இல் மக்கேமன், கெலின், கார்ப்ளஸ் ஆகியோர் செய்தது. அதன் நீளம் 9.2 பிக்கோநொடி. 2010இல் அதே சிறிய புரதத்தை, அதற்கெனவே கட்டிய ஆன்டன் கணினி ஒரு மில்லிநொடி வரை கொண்டுசென்றது. வழக்கமான படிநீளம் 2 ஃபெம்டோநொடி என்பதால், ஒரு மைக்ரோநொடிக்கு 50 கோடி படிகள் வேண்டும். உங்கள் புரதம் மில்லிநொடிகளில் செய்யும் வேலையை நூறு நானோநொடியில் பார்த்துவிட்டதாக எழுதும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதலில் வெறும் நீர்ப்பெட்டியை ஓட்டி, நீங்கள் தேர்ந்த நீர் மாதிரிக்கு அறியப்பட்ட அடர்த்தியும் விரவல் குணகமும் வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு லைசோசைமையே நீரில் விட்டு, வெவ்வேறு தொடக்க வேகங்களோடு மூன்று தனி ஓட்டங்களை எடுங்கள். மூன்றும் மூன்று கதை சொன்னால், ஒன்றை மட்டும் தேர்ந்து கட்டுரையில் போடுவது நேர்மையன்று.

குறிப்பேடு

தேதி, கரைசல் தயாரித்த நாள், வேதிப்பொருளின் தொகுதி எண், பிப்பெட்டின் எண், கருவியின் பிளவு அகலம், வெப்பநிலை ஆகியவற்றை அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே எழுதுங்கள். கருவி தந்த மூலக் கோப்பை ஒருபோதும் திருத்தாதீர்கள். திருத்தம் எல்லாம் நகலில். ஏதாவது ஒரு புள்ளியை விலக்கினால், ஏன் விலக்கினீர்கள் என்பதை அன்றே எழுதுங்கள். "கோட்டில் விழவில்லை" என்பது காரணமன்று. "குவெட்டில் குமிழி இருந்தது" என்பது காரணம்.

சொந்தக் கேள்விக்கு வரும்போது

இவ்வளவும் முடிய ஐந்தாறு மாதங்கள் ஆகும். நெறியாளர் பொறுமையிழந்தால், ஒவ்வொரு கட்டத்தின் வரைபடத்தையும் அவர்முன் வைத்துப் பேசுங்கள். சரியான எண்ணைக் கொண்டுவரும் மாணவரைத் தடுக்கும் நெறியாளர் குறைவு. இந்த மாதங்களிலேயே வாரம் இரண்டு கட்டுரைகளைப் படியுங்கள். சுருக்கத்தைப் படிக்கும் முன் செய்முறைப் பகுதியையும் படங்களையும் பார்த்து, நீங்கள் என்ன முடிவுக்கு வந்திருப்பீர்கள் என்று எழுதிவிட்டு, ஆசிரியர்களின் முடிவோடு ஒப்பிடுங்கள். எங்கே விலகுகிறதோ, அங்கே ஒரு கேள்வி இருக்கிறது.

நல்ல கேள்விக்கு விலைமிகுந்த கருவி கட்டாயமில்லை என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் வெளியிட்ட வரைபடம், இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற எளிய வரம்பிலிருந்து பிறந்தது. பெப்டைடு சங்கிலியின் இரண்டு சுழற்சிக் கோணங்களில் எவை அணுக்களை மோதவிடும், எவை விடா என்று கணக்கிட்டார்கள். இன்றும் புதிய புரத அமைப்பு ஒவ்வொன்றும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கப்படுகிறது. கேள்வி கூர்மையாக இருந்தது. அதை மறுக்கக்கூடிய விடை எது என்பதும் தெளிவாக இருந்தது. உங்கள் கேள்வியையும் அப்படி எழுதிப் பாருங்கள்: எந்த எண் வந்தால் என் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வேன்? அந்த எண்ணுக்கும் நீங்கள் எதிர்பார்க்கும் எண்ணுக்கும் இடையிலுள்ள தூரம், லைசோசைமில் நீங்கள் கண்ட பிழையைவிடப் பெரியதாக இருந்தால் கேள்வி செய்யத்தக்கது. சிறியதாக இருந்தால் வேறு அளவீட்டு முறையைத் தேட வேண்டும், அல்லது வேறு கேள்வியை.

முதல் ஆய்வுக்குழுக் கூட்டத்துக்கு இந்தக் கேள்வியை எழுதிய பக்கத்தையும், லைசோசைமின் மூன்று தனிச் சோதனை வளைவுகளையும் கொண்டுசெல்லுங்கள். பிறகு புதிய புரதத்தை முதன்முறையாக அளக்கும் நாளில், 4 மோலார் குவானிடினில் இருக்கும் லைசோசைம் மாதிரி ஒன்றையும் அதே வரிசையில் வையுங்கள். பழைய எண் திரும்பி வந்தால், அடுத்த குவெட்டில் இருப்பது சொல்வதைக் கேட்கத் தொடங்கலாம்.